திங்கட்கிழமை வைக்காத மணி

அண்ணா,

வண்டியை சர்வீஸுக்கு விட இன்று காலை சிங்காநல்லூர் போயிருந்தேன். மெக்கானிக் கையைத் துடைத்த கழிவுப் பஞ்சை என் காலடியில் போட்டுவிட்டு, "பொழுதோட வந்து எடுத்துக்குங்கக்கா" என்றார். கிரீஸில் ஊறிய பஞ்சின் வாடை மூக்கில் ஏறியது. சாவியைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு ரோட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றேன். ஆபீஸுக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களிடம் எப்போதும் அந்த வாடைதான் இருக்கும். நாம் வேலை பார்த்த நூல் மில்லில், பஞ்சைச் சீவும் கார்டிங் டிபார்ட்மெண்டில், மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் வேலை உங்களுக்கு. என் அறைக்கு வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி பஞ்சை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டுதான் கதவைத் தட்டுவீர்கள். அந்த மில்லில் ஏசி போட்ட அறைகள் இரண்டே இரண்டு. ஒன்று முதலாளியுடையது, இன்னொன்று நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் அறை.

"கோயிலுக்குள்ள வந்த மாதிரியேதானுங்க அம்மணி. செருப்பைக் கழட்டோணும், சில்லுனு இருக்குது, எதையும் தொட்டா நீங்க மொறைக்கறீங்க" என்று ஒருமுறை சொன்னீர்கள்.

"கோயில்ல பூசாரி மொறைக்க மாட்டாருங்ணா" என்றேன்.

"எங்கூருக் கோயில்ல மொறைப்பாருங்க."

உங்கள் ஊர் தாராபுரம் பக்கம். என்னைவிட நான்கைந்து வயது பெரியவர். ஒண்டிப்புதூரில் ஒரு லைன் வீட்டில் அண்ணியோடும் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகனோடும் குடியிருந்தீர்கள். எந்த மெஷின் எத்தனை தடவை நின்றது என்று அச்சடித்த தாளை வாரத்துக்கொரு முறை என்னிடம் வாங்கிப் போக வருவீர்கள். மற்ற பிட்டர்கள் யாரையாவது அனுப்பி வாங்கிக்கொள்வார்கள். உங்களுக்கு மட்டும் அந்தத் தாள் எப்படி வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். கேள்வி கேட்டே என் உயிரை வாங்குவீர்கள். நானும் சொல்வேன். எனக்குச் சொல்லப் பிடிக்கும். அந்த மில்லில் நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம். இரண்டாயிரம் பிறந்தால் உலகத்திலுள்ள கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்று பேப்பரில் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தது. எங்களுடையது அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. மெஷின்கள் நிற்பதையும் ஓடுவதையும் ஒயர் வழியாக வாங்கி, நேரம் போட்டுப் பதிந்துவைக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒரு மழைநாளில் கருகிப்போனது. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் அந்தப் பழைய புரோகிராம் ஓடமாட்டேன் என்றது. எழுதிக் கொடுத்தவர்கள் கடையை மூடிக்கொண்டு எங்கோ போய்விட்டார்கள். மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் பெங்களூரில் வேலை பார்த்த என் பெரியம்மா மகன் ஒரு சிடி கொண்டுவந்து கொடுத்தான். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோலக் காட்டும் மென்பொருள் அது. புதிய கம்ப்யூட்டர் பாட்டுக்கு வெளியே சம்பளக் கணக்கு, கடிதம் என்று தன் வேலையைப் பார்க்கும். அதற்குள்ளே ஒரு ஜன்னலில், இல்லாத ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடும். உள்ளே ஓடும் புரோகிராமுக்குத் தான் இன்னொருவர் வீட்டில் குடியிருக்கிறோம் என்பதே தெரியாது. இரண்டு வாரம் மல்லுக்கட்டி ஓட வைத்தேன். மேனேஜர் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி பாராட்டினார். என் தலைக்கனத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கோயமுத்தூரிலேயே கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர் ஓட்டுகிறவள் நான் ஒருத்திதான் என்று உங்களிடமே சொன்னேன். இருந்தாலும் இருக்கும் என்று நீங்களும் ஒத்துக்கொண்டீர்கள்.

அதைக் காட்டியபோது நீங்கள் கேட்ட முதல் கேள்வியே நேரத்தைப் பற்றித்தான்.

"உள்ள இருக்கற டப்பாவுக்கு மணி என்னன்னு எப்படிங்க தெரியும்?"

"அதுக்குன்னு கடிகாரம் கெடையாதுங்ணா. வெளிய இருக்கறது தட்டிக்கிட்டே இருக்கும். ஒரு செகண்டுக்குப் பதினெட்டுத் தட்டு. உள்ள இருக்கறது அதை எண்ணி எண்ணி மணி பார்த்துக்கும்."

"வெளிய இருக்கறதுக்குச் சோலி சாஸ்தியாப் போச்சுன்னா?"

எனக்கு வியப்பாக இருந்தது. அந்த மென்பொருளோடு வந்த தடிப்புத்தகத்தில் எங்கோ ஒரு மூலையில் சொல்லியிருந்த சங்கதி அது. "அப்பச் சில தட்டு விட்டுப்போகுமுங்ணா. உள்ள மணி பின்னால போயிரும்" என்றேன்.

"அதுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாதுங்ணா."

"பாவமுங்க" என்றீர்கள். ஒரு கம்ப்யூட்டரைப் பாவம் என்று சொன்ன ஆளை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

உண்மையில் அது பெரிய தொந்தரவாகத்தான் இருந்தது. வெளியே சம்பளப் பட்டியல் அச்சாகும் நாளில் உள்ளே மணி மூன்று நான்கு நிமிடம் பின்தங்கிவிடும். மற்ற நாளில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். மில்லில் எட்டரை மணிக்கு ஒரு சங்கு ஊதும். டைம் ஆபீஸ்காரர்கள் ரேடியோவில் மணி கேட்டு ஊதுகிற சங்கு, அரை நிமிடம்கூடப் பிசகாது. கேட்டில் கார்டு குத்தும் மெஷினுக்கும் அவர்கள்தான் மணி வைப்பார்கள். நான் உள் கம்ப்யூட்டரில் எட்டு முப்பது என்று தட்டி வைத்துக்கொண்டு, எண்டர் பொத்தான் மேல் விரலை வைத்துக் காத்திருப்பேன். சங்கு கேட்டதும் அழுத்துவேன். தினமும் அதுதான் என் முதல் வேலை. நீங்கள்கூட அந்த நேரத்தில் ஜன்னல் வழியாகப் போனால் கையைத் தூக்கி, "மணி வெச்சாச்சுங்களா?" என்று கேட்பீர்கள். "ஆச்சுங்ணா" என்பேன்.

உள்ளே இருப்பது வெளியே இருப்பதைக் கேட்டுத் தானே மணி திருத்திக்கொள்ளும்படி ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருக்கலாம். நாலு வரி வேலை. எனக்கு அது தெரியும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். சங்குக்குக் காத்திருந்து பொத்தானை அழுத்துவதில் ஒரு பெருமை இருந்தது அண்ணா. நான் இல்லாவிட்டால் மில்லின் நேரமே ஓடாது என்பதுபோல.

புரட்டாசி முடிந்து முகூர்த்த மாதம் வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வீட்டில் சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் கூடிவிட்டது. வெள்ளியும் சனியும் லீவு போட்டேன். ஞாயிறு எப்படியும் விடுமுறை. மூன்று நாள் யாரும் மணி வைக்கவில்லை. அந்த மூன்று நாளும் வெளியே மாதக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நானேதான் வியாழக்கிழமை மாலை அதை ஓடவிட்டுப் போயிருந்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டரைச் சங்கு ஊதியபோது நான் என் நாற்காலியில் இல்லை. பக்கத்து அறையில் டைப்பிஸ்ட் பெண்களுக்கு மாப்பிள்ளை போட்டோ காட்டிக்கொண்டிருந்தேன். ஒருத்தி மீசையைப் பற்றி ஏதோ சொன்னாள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். சங்கு காதில் விழுந்தது. விழவில்லை என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்ததில்லை. அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது மேனேஜர் ஒரு பட்டியல் கேட்டார். அதை எடுக்கப் போனதில் மறந்துவிட்டேன்.

அன்று நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். உங்களுக்குத் தெரிந்தது ஒரு வரிசை, எனக்குத் தெரிந்தது இன்னொரு வரிசை.

பத்தரை மணிக்குமேல் நாலாம் நம்பர் கார்டிங் மெஷினில் பஞ்சு சுற்றிக்கொண்டது. நீங்கள் மெஷினை நிறுத்தி, மூடியைக் கழற்றிக் கொடுத்தீர்கள். அந்த மெஷினை ஓட்டும் வெள்ளிங்கிரி உள்ளே கைவிட்டுப் பஞ்சைப் பிடுங்கி எடுக்கத் தொடங்கினார். பள்ளிக்கூடத்திலிருந்து டைம் ஆபீஸுக்குப் போன் வந்தது. உங்கள் மகனுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப்போகச் சொல்கிறார்கள் என்றார்கள். நீங்கள் பர்மிஷன் சீட்டு வாங்கிக்கொண்டு ஓடினீர்கள். கேட்டில் உங்கள் கார்டு பதினொன்று மூன்றுக்குக் குத்தியிருந்தது.

அதற்கு அப்புறம் யாரோ அந்த மெஷினின் சுவிட்சைப் போட்டார்கள். வெள்ளிங்கிரி மெஷினுக்குப் பின்புறம் குனிந்திருந்தார். அந்தச் சத்தத்தில் யார் கத்தினாலும் கேட்காது. கூட்டுகிற அம்மா அந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டுத்தான் அலறினாள். அவளிடம் கடிகாரம் கிடையாது. எத்தனை நேரமாக அவர் அப்படிக் கிடந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

மேனேஜர் என் அறைக்கு ஓடிவந்தார். நாலாம் நம்பர் எப்போது நின்றது, எப்போது ஓடியது, உடனே அச்சடித்துக் கொடு என்றார். உள் கம்ப்யூட்டரின் ஜன்னலைத் திறந்தேன். பதினொன்று முப்பத்தாறு என்று காட்டியது. சுவரில் இருந்த கடிகாரம் பதினொன்று நாற்பத்தைந்து. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேனேஜர் கதவுக்கு வெளியே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். என் கை மணியைத் திருத்திவிட்டது. பதினொன்று நாற்பத்தைந்து, எண்டர். யோசித்துச் செய்தேனா, பழக்கத்தில் செய்தேனா என்று கேட்டால் இரண்டும்தான். திருத்தி முடித்த பிறகு அச்சடித்தேன். அதற்கு முன்பே பதிவாகியிருந்த வரிகளில் பழைய மணி அப்படியே இருந்தது.

தாளில் நாலாம் நம்பர் ஓடத் தொடங்கிய நேரம் பத்து ஐம்பத்தெட்டு என்று இருந்தது. நீங்கள் கேட்டைத் தாண்டுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு.

அந்த மெஷின் உண்மையில் ஓடத் தொடங்கியது பதினொன்று ஏழுக்கு. அப்போது நீங்கள் ஒண்டிப்புதூர் ரோட்டில் சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தீர்கள். ஒன்பது நிமிடம் கூட்டிப் பார்த்தால் போதும். கூட்டத் தெரிந்தவள் அந்த மில்லில் நான் மட்டும்தான் இருந்தேன். பதிவில் அடுத்தடுத்த வரிகளுக்கு நடுவே ஒன்பது நிமிடம் காணாமல் போயிருந்ததும் எனக்கு மட்டும்தான் கண்ணில் பட்டது.

மேனேஜர் தாளைப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல மணி சரியாத்தானே இருக்குது?" என்றார்.

"சரியா இருக்குதுங்க சார்" என்றேன். அந்த நேரத்தில் சரியாகத்தான் இருந்தது.

ஏன் சொன்னேன் என்று கேளுங்கள். வேலை போய்விடும் என்று பயம். அப்பாவின் மில் மூடி இரண்டு வருடமாகியிருந்தது, வீட்டில் என் வேலை ஒன்றுதான். மாப்பிள்ளை வீட்டார் வேலைக்குப் போகிற பெண் என்றுதான் வந்து பார்த்தார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் இதையெல்லாம் அந்த நொடியில் நான் நினைக்கவேயில்லை. கோயமுத்தூரிலேயே நான் ஒருத்திதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தது பொய்யாகிப்போகுமே என்ற அவமானம்தான் முதலில் வந்தது. ஒரு மனிதர் செத்துப்போயிருந்தார். எனக்கு என் கெட்டிக்காரத்தனம் பெரிதாகத் தெரிந்தது. வெட்கமாக இருக்கிறது அண்ணா. அப்போதும் இருந்தது. அதோடு பேசாமலும் இருந்தேன்.

விசாரணை நடந்தது. உங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நான் போறப்ப மெசினு நின்னுட்டுத்தானுங்க இருந்துச்சு" என்று சொன்னீர்களாம். தாளைக் காட்டினார்களாம். ரிப்பேர் முடிந்ததும் பிட்டர்கள் ஒருதடவை சுவிட்சைப் போட்டு ஓட்டிப் பார்ப்பது வழக்கம். மகனுக்குக் காய்ச்சல் என்ற அவசரத்தில், வெள்ளிங்கிரி இன்னும் உள்ளே கைவிட்டிருப்பதை மறந்து, கை பழக்கத்தில் போட்டுவிட்டுப் போயிருப்பாய் என்றார்கள். அன்று அந்த சுவிட்சின் பக்கத்தில் வேறு யார் யார் போனார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. தாள் கிடைத்துவிட்டது, ஆள் கிடைத்துவிட்டது. யார் போட்டார்கள் என்று இன்றுவரை எனக்கும் தெரியாது.

மறுநாள் சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் நீங்கள் எனக்காகக் காத்திருந்தீர்கள். முகம் கறுத்துப்போயிருந்தது. சட்டைப் பையில் பஞ்சு இல்லை.

"அம்மணி, ஒண்ணு கேக்கோணுமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"கேளுங்ணா."

"திங்கக்கிழமை காத்தால மணி வெச்சீங்கல்லங்க?"

இதைவிட மரியாதையாக ஒரு கேள்வியை யாரும் கேட்க முடியாது. உங்கள் பிழைப்பும் பேரும் அந்தப் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தன. அப்போதும் நான் சங்கடப்படக் கூடாது என்று பார்த்தீர்கள்.

"வெச்சேனுங்ணா" என்றேன்.

நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. எதையோ உள்ளே தேடிப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு உங்கள் வலது கையைத் தூக்கிப் பார்த்தீர்கள்.

"அப்ப நான்தானுங்க போட்டிருக்கோணும். எனக்கு நெனப்பே இல்லீங்க அம்மணி. எவ்வளவு ரோசனை பண்ணிப் பார்த்தாலும் நெனப்புக்கு வரமாட்டீங்குது."

அதோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். நான் அந்த இடத்திலேயே கத்தியிருக்க வேண்டும். பின்னாலேயே ஓடி வந்திருக்க வேண்டும். நீங்கள் கேட்டைத் தாண்டித் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நீங்கள் மறுத்துப் பேசவில்லையாம். இரண்டாவது விசாரணையில், "தப்பு என்னுதுதானுங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் என்று டைம் ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். வேலையை விட்டு அனுப்பினார்கள். போகும் முன் வெள்ளிங்கிரியின் வீட்டு வாசலில் போய் நின்றீர்களாம். அவர் மனைவி கதவைச் சாத்திவிட்டாளாம். ஒருநாள் முழுக்க அந்த வாசலில் நின்றுவிட்டு வந்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். நீங்கள் கொல்லாத மனிதருக்காக.

அடுத்த வாரம் அந்த நாலு வரி புரோகிராமை எழுதினேன். கால் மணிக்கொரு முறை உள்ளே இருப்பது வெளியே இருப்பதைக் கேட்டு மணி திருத்திக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. தை மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது.

நாலைந்து வருடம் கழித்துத் தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் உங்களைப் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் அத்தை வீட்டு விசேஷத்துக்கு வந்திருந்தோம். என் பெண் என் இடுப்பில் இருந்தாள். தீவனக் கடையில் மூட்டை தூக்குவதாகச் சொன்னீர்கள். நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் உங்களுக்கு உண்மையிலேயே சந்தோஷம். என் பெண்ணின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டிவிட்டு, அழுக்காக இருக்கிறதே என்று பின்னால் இழுத்துக்கொண்டீர்கள்.

"அந்த டப்பா இன்னும் ஓடுதுங்களா?" என்று கேட்டீர்கள்.

"அது போயி வேற வந்திருச்சுங்ணா." "அண்ணா, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அதை உடுங்க அம்மணி. நீங்க என்னங்க பண்ணுவீங்க? நடந்ததைத்தானுங்களே அது சொல்லுச்சு. அதுக்கோசரம் நீங்க மனசுல போட்டு ஒலட்டிக்காதீங்க."

எனக்கு நீங்கள் ஆறுதல் சொன்னீர்கள். என் வீட்டுக்காரர் பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டுக் கூப்பிட்டார். நான் ஏறிவிட்டேன். அடுத்த பஸ்ஸில் போயிருக்கலாம். பத்து நிமிடத்துக்கொரு பஸ் உண்டு.

இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் பெரிய சர்வர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் இருபது முப்பது கம்ப்யூட்டர்கள், எல்லாம் உங்களுக்கு அன்று காட்டிய அதே மாதிரிதான். நேரம் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு இல்லை, ஆனாலும் காலையில் போனதும் அதைத்தான் முதலில் பார்க்கிறேன். உள்ளும் வெளியும் கண்ணிமைக்கும் நேரம் பிசகினால்கூட ஆட்களைப் பிடித்து உலுக்கிவிடுவேன். "சங்கு மேடம் வந்தாச்சு" என்று முதுகுக்குப் பின்னால் கேலி செய்கிறார்கள். மில்லில் சங்கு கேட்டு மணி வைத்த கதையை மட்டும் நானே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். மீதியைச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது.

நீங்கள் போன செய்தி பழைய டைப்பிஸ்ட் ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது. காரியமெல்லாம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ஊரில் உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி அடையாளம் கண்டுகொண்டு உட்கார வைத்தார். காபி கொடுத்தார். அவரே பேசினார்.

"கடைசி வரைக்கும் கரண்டு சுச்சைத் தொட மாட்டாருங்க அம்மணி. லைட்டுப் போடறதுன்னாலும் நான்தான் போடோணும். நான் வெளிய போயிட்டு வாரதுக்குப் பொழுது எறங்கிப்போச்சுன்னா, ஊடே இருட்டாக் கெடக்கும், அதுக்குள்ளார உக்கோந்திருப்பாரு. மோட்டாரு எடுத்துவுடறது, மிக்சி, எல்லாமே நான்தானுங்க. இவரு பிட்டரா இருந்தாருன்னு சொன்னா இங்க யாரு நம்புவாங்க?"

உங்கள் மகன் திருப்பூரில் இருக்கிறானாம். "அவன் ஒருபக்கமுங்க. ‘எனக்கு அன்னிக்குக் காச்சல் வராம இருந்திருந்தா எங்கப்பன் அவசரப்பட்டிருக்க மாட்டாரு, அந்தாளும் செத்திருக்க மாட்டாரு’ன்னு சொல்லிச் சொல்லியே வளந்தான். அப்பனும் மகனும் ஒருத்தரு மொகத்தை ஒருத்தரு பார்த்துப் பேசினதில்லீங்க."

மகனைப் பற்றி எனக்கு அதுவரை தெரியாது. நான் கெடுத்தது உங்கள் ஒருவரைத்தான் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. மாப்பிள்ளை போட்டோவிலிருந்து சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஜன்னல், தட்டு, மணி என்பதெல்லாம் அண்ணிக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. புரிய வேண்டியது புரிந்துவிட்டது.

"அவரு உங்களைக் கேட்டாருங்களா?" என்றார்.

"கேட்டாருங்க."

"நீங்க வெச்சேன்னு சொல்லிப்போட்டீங்க."

"ஆமாங்க."

அவர் அழவில்லை. கத்தவும் இல்லை. நான் பாதி குடித்து வைத்திருந்த டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அவரு இருந்திருந்தா பொறுத்துப் போயிருப்பாருங்க. ‘வயசுப் புள்ள, பயந்துபோயிச் சொல்லிப்போட்டுது’ன்னு எனக்கே சமாதானம் சொல்லியிருப்பாரு. நான் அவரு இல்லீங்க."

அடுப்படி வரைக்கும் போனவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "வார ஞாயித்துக்கெழமை பையன் வாரான். நீங்களே வந்து அவங்கிட்டச் சொல்லிப்போடுங்க. நான் சொல்ல மாட்டேன்."

போகத்தான் போகிறேன் அண்ணா. பயமாகத்தான் இருக்கிறது. அன்று இருந்ததைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. அவன் என்னை அடித்தாலும் சரி, கதவைச் சாத்தினாலும் சரி, அந்த வாசலில் நிற்க வேண்டியவள் நான்தான். உன் காய்ச்சலால் எதுவும் நடக்கவில்லை, உன் அப்பா உன்னைப் பார்க்க ஓடி வந்தார், அவ்வளவுதான் அவர் செய்தது என்று அவனிடம் சொல்ல வேண்டும். கோர்வையாக வாயில் வருமா என்று தெரியவில்லை. உயிரோடு இருந்த உங்களிடம் ஒருதடவையும் சொல்லாததை முதலில் உங்களிடமே சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மெஷினை நீங்கள் போடவில்லை அண்ணா. நான் அன்று மணி வைக்கவில்லை.